மகபூப் பீவியின் மொட்டைத் தோட்டம்

"என்னக்கா, மரம் பூரா பட்டுப்போச்சா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மகபூப் பீவிக்கு உச்சந்தலைவரைக்கும் சூடேறிவிடும். மார்கழி பாதியில் தொடங்கி மாசி முடிகிறவரை, கடையநல்லூர் ரோட்டில் போகிறவர்களில் ஒருவராவது அந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. வேலியோரத்தில் பெரிய வாகை ஒரு பொட்டு இலை இல்லாமல் நிற்கும். உள்ளே நிற்கிற மற்ற மரங்களும் செடிகளும் பாதிக்கு மேல் வெறுங்குச்சிதான். கேட்கிறவர்கள் பரிதாபப்பட்டுத்தான் கேட்பார்கள். அந்தப் பரிதாபம்தான் அவளுக்கு ஆகாது.

"ஒங்க கண்ணுதான் பட்டுப்போச்சு. வாகை தை மாசம் இலைய உதுக்கும்னு தெரியாதா? போங்க, போய் ஜோலியப் பாருங்க."

கேட்டவர் வாயைப் பொத்திக்கொண்டு போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருப்பாள். பிள்ளை இல்லாதவள் மரத்தைப் பிள்ளையாக வளர்த்தாள் என்று யாரும் கதை கட்டிவிட வேண்டாம். அவளுக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகச் சண்டை போட்டார்கள். மரங்கள் அவளுக்கு மரங்களாகவே பிடித்திருந்தன.

அவள் பிறந்தது கடையநல்லூரில். மலையடிவாரத்தில் அவளுடைய வாப்பா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். காய்ப்புக் காலத்தில் குடும்பமே தோப்புக் குடிசையில் கிடக்கும். அங்கே மலைச்சாரல் வந்து முகத்தில் விழும். மண்ணில் எதைக் குத்தி வைத்தாலும் தளிர்க்கும். அங்கிருந்து சங்கரன்கோவிலுக்கு மைதீன் பாட்சாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது, விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்துக்குள் அவளுக்கு வீடு வாய்த்தது. செடி வைக்க இடமில்லை. ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னில் மருதாணிக் கம்பை ஊன்றி வைத்தாள். அது வளர்ந்து, ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு நின்றது.

மைதீன் பாட்சா எழுபத்தாறில் பம்பாய் வழியாகச் சவுதிக்குப் போனார். ரோடு போடுகிற ஒரு கம்பெனியில் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. அவருடைய முறை எப்போதும் தை மாதத்தில்தான் வரும். மாற்று டிரைவர் அப்போதுதான் கிடைப்பான் என்பார். முதல் லீவில் வந்தவர், ஊருக்கு மேற்கே ரோட்டோரமாகக் கிணறோடு ஒரு மனை வாங்கிப்போட்டார். அதில் முன்னமே நின்றது அந்த வாகை ஒன்றுதான்.

"வீடு கட்ட நாளாகும். அதுவரைக்கும் ஆடு மாடு நொழையாம வேலி மட்டும் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகபூப் பீவி வேலியைப் பார்த்துக்கொண்டாள். டின்னிலிருந்த மருதாணியை ஒடித்து ஒடித்து நட்டு, வேலி நெடுக ஒரு மருதாணிச் சுவரே எழுப்பினாள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது, வெயிலில் மண் சும்மா கிடந்தது. சீத்தா விதை போட்டாள். வாப்பா வீட்டிலிருந்து நெல்லிக் கன்று கொண்டுவந்தாள். ஓர் இலவம், ஒரு பூவரசு, கிளை ஒடித்து ஊன்றிய கள்ளிமந்தாரை, பவளமல்லி, மாதுளை, நீலப் பூப் பூக்கிற டிசம்பர் செடி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. விடிந்ததும் பிள்ளைகளுக்குச் சோறாக்கிவிட்டு இடுப்பில் குடத்தோடு கிளம்பினாள் என்றால், வெயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்கு வருவாள். பக்கத்து மனையில் செங்கல் அடுக்கி வைத்திருந்த பேச்சித்தாய் அவளுக்குச் சிநேகிதி ஆனாள். இருவரும் சேர்ந்து கிணற்றில் இறைப்பார்கள்.

மழைக்காலத்தில் தோட்டம் பச்சைப்பசேல் என்று இருக்கும். யார் வேண்டுமானாலும் பாராட்டுவார்கள். ஆடித் தபசுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பஸ் தவறிவிட்டால் வாகை நிழலில்தான் துண்டை விரிப்பார்கள். அந்தப் பாராட்டு மகபூப் பீவிக்குப் பெரிதாகப் படவில்லை. அவளுடைய காலம் மார்கழியும் தையும்தான்.

பேச்சித்தாய் ஒருநாள் கேட்டாள்: "ஏட்டி, எல்லாரும் பூத்திருக்கும்போது பாப்பாக. நீ என்ன, உதுந்த பெறவு வந்து வந்து பாக்க?"

"கல்யாண வீட்டுல பட்டுடுத்தி நிக்கவளப் பாத்தா அவ எப்படிப்பட்டவன்னு தெரியுமா? மாவாட்டும்போது பாக்கணும்லா. இலை இருந்தா எல்லா மரமும் பச்சைதான். உதுந்தாத்தான் எது எப்படி நிக்குன்னு தெரியும்."

அது உண்மையும்கூட. இலை விழுந்த பிறகு ஒவ்வொன்றும் தன் சுபாவத்தைக் காட்டும். இலவம் மூன்று மூன்று கையாகச் சுற்றி நீட்டி, அதற்கு மேல் ஓர் இடைவெளி விட்டு மறுபடியும் நீட்டி, ஏணி மாதிரி ஏறி நிற்கும். தண்டு மட்டும் அந்தக் குளிரிலும் பச்சையாக இருக்கும். கள்ளிமந்தாரை மான்கொம்பு போலக் கிளைத்து, போன வருஷத்து இலைத் தழும்புகளை வரிசையாகக் காட்டும். நெல்லியின் பொடி இலை மஞ்சளாகிக் காற்றில் தவிடு மாதிரி பறக்கும். சீத்தா வளைந்து வளைந்து கோணல் எழுத்துப் போல நிற்கும். அந்தச் சீத்தாவிடம் அவளுக்குத் தனிப் பிரியம். அதன் புதுத் துளிர் பழைய இலையின் காம்புக்கு உள்ளேயே ஒளிந்து கிடக்கும். இலை தானாக விழுந்தால்தான் துளிருக்கு வெளியே வர வழி. அதை அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவாள்.

மார்கழிக் காலையில் மருதாணி வேலி முழுக்கச் சிலந்தி வலை கட்டியிருக்கும்; ஒவ்வொரு இழையிலும் பனி கோத்திருக்கும். மழைக்காலம் பூராவும் எங்கே வைத்திருக்கிறது என்று தேடிய தேன்சிட்டின் கூடு மாதுளைக் கிளையில் அப்பட்டமாகத் தொங்கும். வாகையின் நெற்றுகள் காய்ந்து வெளுத்து, வாடைக்காற்றில் கலகலவென்று பேசும். அந்தச் சத்தத்துக்காகவே அவள் சாக்கை விரித்துக் கொஞ்ச நேரம் உட்காருவாள். அந்த நேரத்தில்தான் ரோட்டில் போகிறவன் யாராவது வந்து "பட்டுப்போச்சா?" என்பான்.

எண்பத்தொன்று தை மாதத்தில் மைதீன் பாட்சா லீவில் வந்தார். மனையைப் பார்க்க நாலைந்து சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு போனார். மகபூப் பீவி முந்தின நாளே பாத்தி எல்லாம் கொத்தி, பாதையைப் பெருக்கி வைத்திருந்தாள். காட்டுவதற்கு எத்தனையோ வைத்திருந்தாள். சிநேகிதர்களில் ஒருவர் உள்ளே நுழைந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன பாட்சா, சவுதிய அப்படியே பேத்து இங்கன கொண்டாந்துட்டீரா?"

எல்லாரும் சிரித்தார்கள். மைதீன் பாட்சாவும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மற்றவர்கள் போன பிறகு கேட்டாள்:

"அவுக சிரிக்கட்டும். நீங்க எதுக்குச் சிரிச்சிய?"

"தமாசுக்குச் சொன்னான். அதுக்கு என்ன?"

"நீங்க ஒண்ணையும் பாக்கலையே. அந்த இலவத்து மொட்டுகூடப் பாக்கலையே."

"என்னத்தப் பாக்க? எல்லாம் வெறகாத்தான் நிக்கு," என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டினார்.

வெறகு என்ற சொல்லை அவள் அதன் பிறகு பல நாள் வாய்க்குள் வைத்து மென்றாள். இரண்டு வருஷம் தண்ணீர் சுமந்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது?

அடுத்த லீவு எண்பத்துமூன்றில். இந்தத் தடவை கழுத்தில் கேமராவோடு வந்தார். குடும்பத்தோடு படம் பிடித்து சவுதிக்குக் கொண்டுபோய் ரூமில் ஒட்ட வேண்டும் என்றார். மகபூப் பீவி பிள்ளைகளுக்குத் தலைவாரி, டிசம்பர் பூ வைத்து, மனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாகைக்கு அடியில் நிற்கலாம் என்பது அவள் நினைப்பு. அவர் கேமராவுக்குள் பார்த்தார், இங்கிட்டும் அங்கிட்டும் நகர்ந்தார், கடைசியில் தலையை ஆட்டினார்.

"பின்னால மொட்டை மொட்டையா விழுது. அசிங்கமா இருக்கும்."

பேச்சித்தாய் வீட்டுச் சுவருக்குப் போனார்கள். அப்போது அவள் வீடு கட்டி முடித்து, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி இரண்டு வைத்திருந்தாள். இரவல் தொட்டிக்கு நடுவில், சிமெண்டுச் சுவரைப் பின்னால் வைத்து, மகபூப் பீவி நின்றாள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், தாய் மட்டும் ஏன் இப்படி முறைக்கிறாள் என்று கேட்பார்கள்.

அதே லீவில் அவர் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் பூக்கள் வெளியே வந்தன. சிவப்பு ரோஜாக் கொத்து, பச்சை இலைக்கொடி, அதில் ஊதா நிறத்துத் திராட்சைக் குலை. ஊரில் அப்போது அது பெரிய அதிசயம். தெருவே வந்து தொட்டுப் பார்த்தது.

"பாத்தியா, வருஷம் பூரா இப்படியே நிக்கும். ஒரு இலை விழாது," என்றார் மைதீன் பாட்சா. கேலி செய்யவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"விழாது. விழணும்னா மொதல்ல உசுரு வேணும்லா," என்றாள் அவள்.

அவர் முகம் சுருங்கியது. அன்றைக்குப் பேச்சு தடித்துவிட்டது. மண்ணுக்குக் கொட்டுகிற நேரத்தில் நெசவாவது படித்திருக்கலாம் என்று அவர் சொல்ல, நீங்கள் வருஷத்தில் ஒரு மாதம்கூடப் பார்க்காத தோட்டத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன பாத்தியதை என்று அவள் சொல்ல, பிள்ளைகள் பேச்சித்தாய் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். புறப்படும் அன்று அவர் வழக்கம்போல அவளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். தன் தம்பி மம்மதுவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். அது என்ன பேச்சு என்று அவளுக்கு அடுத்த தையில்தான் தெரிந்தது.

அந்த வருஷம் நெல்லி முதல்முதலாகக் காய்த்திருந்தது. இலை உதிர உதிர, காய்கள் குச்சியோடு ஒட்டிக்கொண்டு, கோத்த பாசிமணி மாதிரி வெளியே தெரிந்தன. பறிக்க மனசு வராமல் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கடையநல்லூரில் அவள் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவள், நாற்பதாம் நாள் வரை இருக்கும்படி சொல்லியும் இருக்கவில்லை. தோட்டத்தில் ஈரம் காய்ந்துவிடுமே என்று பாதியிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

மனைக்கு முன்னால் பஸ் நிற்காது. ஆனால் கண்டக்டரிடம் கெஞ்சினால் மெதுவாக்குவான். அன்று கெஞ்சத் தேவைப்படவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தவள் போட்ட சத்தத்தில் டிரைவரே பிரேக்கை மிதித்துவிட்டான்.

வாகை நின்றது. அதற்குப் பின்னால் வானம் வெறுமையாக இருந்தது. இலவம் இல்லை. சீத்தா இல்லை. நெல்லி முண்டும் முடிச்சுமாகத் துண்டாகித் தரையில் கிடந்தது. காய்கள் மிதிபட்டுக் கிடந்தன. கருத்தப்பாண்டி என்கிற மரம் வெட்டுகிறவன், வேலையை நிறுத்திவிட்டு பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். மம்மது கையில் நூல்கயிற்றோடு, வீட்டுக்கு அஸ்திவாரம் எங்கே வரும் என்று அளந்துகொண்டிருந்தான்.

"ஏலே மம்மது!"

அவன் திரும்பினான். கொஞ்சம் பயந்தான்; ஆனால் ஓடவில்லை.

"மைனி, நீங்க அடுத்த வாரம்லா வாரதா..."

"நான் அடுத்த வாரம் வந்தா மிச்சத்தையும் முடிச்சிருப்ப, அப்படித்தான? யாரக் கேட்டு வெட்டுன?"

"அண்ணன்தான் சொல்லிட்டுப் போச்சு. நீங்க ஊருல இல்லாத நேரமாப் பாத்து முடிச்சிரு, இருந்தா விடமாட்டாள்னு சொல்லுச்சு. எங்கிட்ட ஏன் கோவப்படுதிய? காஞ்ச மரம்தான மைனி."

அவள் கீழே கிடந்த இலவக் கிளையை எடுத்து, நகத்தால் கீறி, அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பட்டைக்குள் பச்சை ஈரம் மினுங்கியது.

"இதுவா காஞ்சது?"

மம்மது அதைப் பார்த்தான். அவனுக்கு வெட்கம் ஒன்றும் வரவில்லை. "பச்சையாவே இருக்கட்டும் மைனி. வீடு கட்டணுமா வேண்டாமா? மரத்து மேலயா கட்ட முடியும்?" என்றான்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. வீடு வேண்டாம் என்று அவள் எந்தக் காலத்தில் சொன்னாள்? இலவத்தை எடுக்கத்தான் வேண்டும் என்றால் அவளிடமே சொல்லியிருக்கலாம். நெல்லியைக் கிழக்கே தள்ளிவிட்டு வீட்டை இந்தப் பக்கம் நகர்த்தியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. நீங்க ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து என்கிற அந்த ஏற்பாடு, அரிவாளைவிட ஆழமாக இறங்கியது.

அவள் வாகைக்கு முன்னால் போய் நின்றாள். "கருத்தப்பாண்டி அண்ணாச்சி, இன்னையோட ஒங்க சோலி முடிஞ்சது. அரிவாளத் தூக்கிட்டுக் கெளம்புங்க."

"எனக்கு என்னம்மா, போச் சொன்னாப் போறேன். நெல்லியில காய் நிக்கேன்னு நான் அப்பமே சொன்னேன், தம்பிதான் கேக்கல," என்று கருத்தப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

அன்றைக்கே அவள் டேப்ரிக்கார்டரை எடுத்து வைத்தாள். சவுதிக்காரர் வீடுகளில் அப்போது கேசட்டில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். சவுதிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால் கை மாறி அவரிடம் போய்ச் சேரும். வழக்கமாக அவள் சலாம் சொல்லிவிட்டு, எல்லாரும் நலம், அதுபோல் நீங்களும் என்று கூச்சத்தோடு தொடங்குவாள். இந்தத் தடவை சலாம் மட்டும்தான் பழையது.

"நீங்க கட்டப்போறது யாருக்கு வீடு? எனக்குன்னா என்னக் கேக்கணும். ஒங்களுக்குன்னா நீங்களே வந்து இருந்துக்கிடுங்க. வெறகுன்னு சொன்னிய, பொறுத்தேன். அசிங்கம்னு சொன்னிய, பொறுத்தேன். திருடன் வர்ற மாதிரி ஆள் இல்லாத நேரம் பாத்து வெட்டச் சொல்லிருக்கிய. ஒங்க கிட்ட என்னைக்காவது நான் ஒளிச்சு ஒரு காரியம் செஞ்சிருக்கேனா?"

இப்படி ஒரு பக்கம் முழுக்கப் பேசினாள். மறுபக்கத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னார்கள்.

பதில் கேசட் வந்தது. அதில் மொசைக் எந்த நிறம் வாங்க வேண்டும் என்று இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி எத்தனை என்று இருந்தது. பிள்ளைகளுக்கு முத்தம் இருந்தது. அவள் கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. அவள் கேசட்டை இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பிறகு, கோபத்தில், அதன் மேலேயே பிள்ளைகளைப் பாடச் சொல்லிப் பதிந்துவிட்டாள்.

வீடு எழும்பியது. மேற்குப் பாதியில் வாகையும் பவளமல்லியும் மாதுளையும் கள்ளிமந்தாரையும் மிஞ்சின. அவற்றுக்கும் கிழக்கே எழும்புகிற சுவருக்கும் நடுவில் அவள் தினமும் வந்து தண்ணீர் விட்டாள்; கொத்தனாரிடம் பேசினாள், சித்தாள்களுக்கு மோர் கொடுத்தாள். ஆனால் வாசல்நிலை வைத்த நாளிலிருந்து நிலைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மம்மது பலமுறை கூப்பிட்டான். "சமையக்கட்டு சரியா இருக்கான்னு ஒரு எட்டு பாருங்களேன் மைனி." அவள் காதில் விழாததுபோல் குடத்தைச் சாய்ப்பாள்.

எண்பத்தைந்து தையில் வீடு குடிபுகுவதற்கென்றே மைதீன் பாட்சா வந்தார். கடையநல்லூரிலிருந்து வேன் பிடித்துச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பள்ளிவாசல் அசரத்து வந்து பாத்திஹா ஓத உட்கார்ந்தார். ரோட்டோரம் கொட்டகை போட்டு, பிரியாணி அண்டாக்கள் தம்மில் இருந்தன. வாசலில் அந்தப் பிளாஸ்டிக் திராட்சைக் கொடியைத் தோரணமாகக் கட்டியிருந்தார்கள். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். வீட்டுக்காரியைக் காணோம்.

அவள் வாகையடியில் நின்றாள். நல்ல சேலைதான் உடுத்தியிருந்தாள்; சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. வேண்டும் என்றே எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நின்றாள்.

மைதீன் பாட்சா வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. "உள்ள வா. ஊரே பாக்கு."

"பாக்கட்டும்."

"என்னைய இப்படி மானங்கெடுத்தணுமா? இந்த வீட்டுக்காக எத்தன வருஷம் வெயில்ல வெந்தேன் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். அதச் சொல்லிக் காட்டி என் வாய அடைக்காதிய. வெந்ததுக்கு மருவாதையாத்தான் நானும் இம்புட்டு நாள் பேசாம இருந்தேன். என்னைய ஒரு வார்த்த கேட்டியளா? அதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் எதையோ கத்த வாயெடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, குரல் இறங்கிவிட்டது.

"ஒனக்கு எப்படிச் சொல்லுவேன். அங்கன காலைல லாரிய எடுத்தா அடையுத வரைக்கும் மணலுதான். ஒரு புல்லு கெடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு, பச்சையாப் பாக்கணும்னுட்டு ஓடி வாரேன். இங்கன வந்தா இதுவும் மொட்டையா நிக்கு. ஒவ்வொரு தடவையும் மொட்டையாவே நிக்கு. எனக்கு அதப் பாத்தாலே வயித்தெரிச்சலா இருந்துச்சு. நீ அதப் போயிக் கொண்டாடுத."

மகபூப் பீவிக்கு இது புதிது. ஒன்பது வருஷத்தில் இதை அவர் ஒரு கேசட்டிலும் சொன்னதில்லை. தை தவிர வேறு மாதத்தில் அவர் இந்த மண்ணை மிதித்தே பல வருஷமாகிறது என்பதை அவள் வசையாகச் சொல்லியிருக்கிறாளே தவிர, அது அவருக்கும் வலிக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இளகிய வேகத்திலேயே மறுபடியும் கோபம் வந்தது.

"இத வாயத் தொறந்து சொன்னா என்ன? சொல்லிருந்தா நாலு வேம்பு வச்சிருப்பேன், நாரத்தை வச்சிருப்பேன். தையிலயும் பச்சையா நிக்கது எத்தன இருக்கு! ஒங்களுக்கு வயித்தெரிச்சல்னா வெட்டுறதா? என் வயிறு எரிஞ்சதே, நான் எத வெட்டுனேன்?"

உள்ளே அசரத்து தொண்டையைச் செருமினார். மைதீன் பாட்சா ஒருமுறை அவளைப் பார்த்தார், ஒருமுறை வாசலைப் பார்த்தார், தனியாக உள்ளே போனார். அவள் போகவில்லை. பாத்திஹா முடிந்தது, பந்தி முடிந்தது. பேச்சித்தாய் மட்டும் தனக்கென்று தனியாக வாங்கிய சோற்றைத் தட்டோடு மரத்தடிக்கே கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஊர் பேசாத பேச்சு இல்லை. புருஷன் சம்பாத்தியத்தில் கட்டின வீட்டை எட்டி உதைத்தவள் என்றார்கள். பேய் பிடித்த மரம் என்றார்கள். தண்ணீர் ஓதிக்கொடுக்கவும் ஒருவர் தயாராக இருந்தார்.

லீவு முழுக்க மைதீன் பாட்சாவும் பழைய சந்து வீட்டில்தான் படுத்தார். இருவரும் பிள்ளைகள் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவர் மம்மதுவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். அவள் பவளமல்லிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே, கேட்டுக்கோ. இந்தப் பக்கம் ஒரு குச்சிய ஒடிக்கணும்னாலும் ஒங்க மைனியக் கேட்டுத்தான். நான் அங்கருந்து சொன்னாலும் அவளக் கேக்காமச் செய்யக் கூடாது. நான் அப்படிச் சொன்னது தப்புதான்."

கடைசி வார்த்தை வாய்க்குள்ளேயே கரைந்துவிட்டது. ஆனாலும் சொன்னார். மகபூப் பீவி குடத்தைக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலம் சந்து வீட்டுப் பாத்திரங்களைக் கட்டினாள்.

புது வீட்டில் மொசைக் போட்ட பெரிய அறை கிழக்கே இருந்தது. இலவமும் நெல்லியும் நின்ற இடம் அது. அவள் அதைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். மேற்கே, தட்டுமுட்டுச் சாமான் போடக் கட்டிய சின்ன அறையில், ஜன்னலைத் திறந்தால் வாகை தெரிகிற இடத்தில், தன் பாயை விரித்தாள். பிளாஸ்டிக் கொடியை அவளே அவிழ்த்து, தூசி தட்டி, பெட்டிக்குள் வைத்தாள், தூக்கி எறியவில்லை.

எண்பத்தாறு ஐப்பசியில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது மைதீன் பாட்சா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். நல்ல மழை நேரம். வாசலுக்கு வந்தவர் பெட்டியை இறக்கக்கூட இல்லை, அப்படியே நின்றார். வாகை கூரைக்கு மேலே குடை பிடித்திருந்தது, மருதாணி வேலி அவர் உயரத்துக்கு அடர்ந்திருந்தது. ஈரத்தில் எல்லாம் மினுமினுவென்று இருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போதாவது பார்த்தீர்களே என்று சொல்ல மகபூப் பீவிக்கு நாக்கு துடித்தது. டீ போடப் போய்விட்டாள்.

வீட்டுக்கு முன்பக்கம் அவர் நெட்டிலிங்கம் மூன்று வைத்தார். எந்த மாதமும் பச்சையாக நிற்கிறது என்று அவருக்குத் திருப்தி. போலீஸ்காரன் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது என்பது மகபூப் பீவியின் அபிப்பிராயம். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாட்களில் அவள்தான் அதற்கும் தண்ணீர் விட்டாள்.

மம்மதுவோடு மட்டும் அவள் சமாதானமாகப் பல வருஷம் ஆயிற்று. ஒரு பெருநாளைக்கு அவன் சிவகிரியிலிருந்து ஒரு நெல்லிக் கன்றை, வேரில் ஈரச் சாக்கைச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் இறக்கினான். தாடியெல்லாம் மண். அவள் கன்றைத் தூக்கி, வேரைப் பார்த்தாள், தண்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கன்னுதான்," என்றாள்.

"அப்போ கோவம் தீந்துச்சா மைனி?"

"கன்ன வாங்கிக்கிட்டேன். கோவம் அது பாட்டுக்குக் கெடக்கும். நீ போயி ஒரு கொடம் தண்ணி எறச்சிட்டு வா, வெயில் ஏறுதுக்கு முந்தி நட்டுருவோம்."

மம்மது புதுச்சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். அவள் குழி தோண்ட ஆரம்பித்தாள்.